பிள்ளை நடக்கும்வரை திறக்காத டின்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், அடுப்புப் புகை எட்டாத இடத்தில், ஓர் ஆணியில் பழைய பால் டின் ஒன்று தொங்குகிறது. அதில் ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்துபோய்விட்டது. விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகள், அவற்றில் கோத்த சணல் கயிறு. மலாக்காவில் இதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். காப்பிக்கடையில் வீட்டுக்குக் காப்பி கேட்டால் இப்படிப்பட்ட டின்னில் ஊற்றித்தான் கயிற்றை விரலில் மாட்டிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு டின்னில் காப்பி வாங்கிப் பல வருடங்களாகின்றன. தீபாவளிக்கு முன் வீடு துடைக்கும்போது என் மனைவி அதை இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டிவிடுவாள். நான் தொடுவதில்லை. தொட்டால் இன்றும் விரல்கள் இலேசாக நடுங்குகின்றன. அது வெற்றியின் சின்னம்தான். எங்கள் தெருவே கொண்டாடிய வெற்றி. இருந்தாலும் அந்த வெற்றிக்கு முந்திய சில நாட்கள் என் உடம்பைவிட்டுப் போகவில்லை.

நான் ஆற்றோரத்து ரப்பர் கிடங்கு ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்தவள் எங்கள் ஒரே மகள். அப்போது காஜா பெராங்கில், செட்டிகளின் குடியிருப்பை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். மலாக்காச் செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த மண்ணோடு ஒன்றிப்போனவர்கள். பெயரில் பிள்ளை இருக்கும், நாயக்கர் இருக்கும். மாரியம்மனுக்கு மஞ்சள் உடுத்திப் பால்குடம் எடுப்பார்கள். வாயைத் திறந்தால் மலாய். பக்கத்து வீட்டு அம்மாளை எல்லோரும் பீபி என்பார்கள், நாம் அத்தை என்பதுபோல. குட்டையான, கனத்த உருவம். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, வெற்றிலை மென்றபடி, யாரையும் நாலு வரிப் பாட்டால் மடக்கிவிடக்கூடியவர். அவர் மலாயில் சொன்னவற்றைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த நயம் பாதிகூட வராது.

பிரசவத்துக்குப் பிறகு என் மனைவிக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பால் வற்றிவிட்டது. முனையில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்க்கார நானா, எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, இனிப்புப் போட்ட டின் பாலை எடுத்துக் கொடுத்தார். "துரைமாருக்கெல்லாம் இதுதான் பாலு, கிராணியாரே. தண்ணியில கலக்கிக் குடுங்க. புள்ள கொழுகொழுன்னு வரும்" என்றார். அப்படித்தான் வந்தாள். கன்னம் உப்பியது. தொடையில் மடிப்பு விழுந்தது. தெருவே தூக்கிக் கொஞ்சியது. அந்தக் கொழுப்பு தண்ணீரும் சர்க்கரையும் என்று யாருக்குத் தெரியும்? நாளாக ஆக அவள் சிரிப்பது குறைந்தது. பொழுது சாய்ந்தால் சிணுங்குவாள், கையை நீட்டித் துழாவுவாள். அழும்போது கண்ணீர் வருவதில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "அழுத்தக்காரி, அப்பாவைப்போல" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு முன், பீபி எங்களைப் பார்ச்சுக்கு அழைத்தார். செட்டிகள் தங்கள் முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் நாள் அது. செத்துப்போனவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் இலையில் இருக்கும். அவர்கள் உண்டு முடிக்கும்வரை வீட்டார் எதையும் தொடாமல் காத்திருப்பார்கள். நாங்களும் பாயில் உட்கார்ந்து காத்திருந்தோம். எதிரே சாமி அலமாரி. குத்துவிளக்கு நிறைந்து எரிந்துகொண்டிருந்தது. பீபியின் பேரன், எங்கள் மகளைவிடச் சிறியவன், மருமகள் மடியிலிருந்து அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் என் தோளுக்கு மேல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை விளக்கின் பக்கம் திருப்பினேன். கண் அங்கே நிற்கவில்லை. இன்னொரு முறை திருப்பினேன். நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் என் கண்ணில் பட்டது. மாரியம்மனுக்கும் முருகனுக்கும் நடுவே, சட்டம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சார்த்திய ஒரு வண்ணப் படம். தாயின் மடியில் சிரிக்கிற குழந்தை. மூலையில் ஒரு பால் டின். டின்னின் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, நிழல் விழுந்ததுபோல. படத்தின் அடியில் தமிழ் எழுத்து. படத்துக்கு முன்னால், வெற்றிலை பாக்கோடு, அதே பால் டின் ஒன்று படைக்கப்பட்டிருந்தது. நான் எழுத்தைப் படித்தேன். 'இந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கண் கெடும்.'

வாய்விட்டுத்தான் படித்திருக்கவேண்டும். என் மனைவி விருட்டென்று திரும்பினாள். பீபி, "என்ன மந்திரம் அது? சத்தமாகச் சொல், எல்லோரும் கேட்கட்டும்" என்றார். மந்திரம் இல்லை என்று மலாயில் சொன்னேன். அதன் பொருளையும் சொன்னேன். மருமகள் மடியிலிருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பீபி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொடுக்காதே என்றால், டின்னை எதற்கு இவ்வளவு அழகாக வரைந்தான்?"

பின்னால் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். நடந்தது இதுதான். சுகாதார இலாகாவில் எந்தத் துரையோ, இங்கே இருப்பவர்கள் இந்துக்கள், பெயரெல்லாம் தமிழ்ப் பெயர், ஆகவே தமிழ் படிப்பார்கள் என்று எண்ணி, தமிழ்ப் படங்களை மொத்தமாகச் செட்டிகளின் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார். பியூன் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். செட்டிகள் தமிழ் எழுத்தைக் கோயிலில் மட்டுமே கண்டவர்கள். அவர்களுக்கு அது சாமியின் எழுத்து. தரையில் போடலாமா? சட்டம் போட்டார்கள், பூ வைத்தார்கள், விளக்கேற்றினார்கள். படத்துக் குழந்தைக்கு டின் பால் பிடிக்கும்போலிருக்கிறது என்று அதையும் படைத்தார்கள். படைத்ததைப் பிரசாதமாகத் தங்கள் குழந்தைகளுக்குக் கலக்கிக் கொடுத்தார்கள். நானாவின் கடையில் டின் பால் அதுவரை இல்லாத அளவுக்கு விற்றது.

மறுநாள் விடியற்காலையே நகரத்திலிருந்த பிள்ளைநல நிலையத்து வாசலில் போய் நின்றோம். அங்கே தாதியாக இருந்தவர்தான் மிஸ்ஸி. மலாய்க்காரர்கள் மிஸ்ஸி திம்பாங் என்பார்கள், எடை போடும் மிஸ்ஸி. தராசைக் கூடையில் வைத்து ரிக்‌ஷாவில் ஏறி ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டு நிறுப்பவர். வெள்ளைச் சேலை, ஆண்களுடையதுபோல் கனத்த காலணி, தெருக்கோடிக்குக் கேட்கிற குரல். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் சண்டை போடுவார். அவர் என் மகளின் முகத்துக்கு எதிரே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தார். அந்தக் குச்சி எரிந்து கருகி அவர் விரலைச் சுடும்வரை மகளின் கண் அதன் பின்னால் போகவில்லை. கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "வறண்டு போயிருக்கு. கருவிழியில இன்னும் வெள்ளை விழல" என்றார்.

"கண்ணு போயிடுமா மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"கிராணியாரே, பயப்படறதுக்குத் தனியா நேரம் ஒதுக்கித் தரேன். இப்ப வேலை இருக்கு. புள்ளைய நல்லா புடிங்க."

மீன் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். அந்த நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. இதைவிட நல்ல வாசனையை நான் முகர்ந்ததில்லை. மகள் துப்பினாள், மிஸ்ஸி மறுபடி ஊற்றினார். டின் பாலை நிறுத்தச் சொன்னார், கண்ணுக்கு வேண்டிய சத்து அதில் இல்லை என்றார். புக்கிட் பாரு பக்கத்தில் மாடு வைத்திருந்தவரிடம் பால் வாங்கி, காய்ச்சி எப்படிக் கலப்பது என்று என் மனைவிக்குக் காட்டினார். காய்ச்சல் விட்ட உடம்பு, பிள்ளையை மறுபடி மார்பில் போடு, ஊறும் என்றார். எல்லாம் முடிந்த பிறகுதான் நான் சாமி அலமாரியில் இருந்த படத்தைப் பற்றிச் சொன்னேன். மிஸ்ஸி முதலில் நம்பவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

என் மனைவிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "எம்புள்ள கண்ணு போகுதுன்னு நான் நிக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

மிஸ்ஸி சட்டென்று நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்கலன்னா அழணும்மா. அழுதா மருந்து அளக்கற கை நடுங்கும். மன்னிச்சுக்க."

அன்று சாயங்காலமே தராசுக் கூடையோடு ரிக்‌ஷாவில் எங்கள் தெருவில் வந்து இறங்கினார். அதற்குள் விஷயம் இலாகாவுக்கும் எட்டிவிட்டது. எல்லாப் படங்களையும் உடனே பிடுங்கிக்கொண்டு வரவேண்டும் என்பது பெரிய துரையின் உத்தரவு. பியூன் பீபியின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். பீபி கதவு நிறைய நின்றார். விளக்கேற்றிக் கும்பிட்ட படத்தில் கை வைத்தால் கை விளங்காது என்று அவர் சொன்னது மலாய் தெரியாதவனுக்கும் புரிந்திருக்கும். மிஸ்ஸி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அலமாரிக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்று படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சோப்பு விக்கிறவன், சிகரெட்டு விக்கிறவன், எவனுக்காவது இந்த இடம் கிடைக்குமா? நம்ம படத்துக்குக் கிடைச்சிருக்கு. இதைப் போய்ப் பிடுங்கச் சொல்றாங்களே, கிறுக்கனுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவரும் பீபியும் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு என்பதைவிடப் பேரம் என்று சொல்லலாம். பிள்ளைகளுக்கு டின் பால் கூடாது என்றார் மிஸ்ஸி. படத்துக்கு ஒருமுறை படைத்ததை இல்லையென்று ஆக்க முடியாது என்றார் பீபி. டின்னைத் தூக்கி எறியுங்கள் என்றார் ஒருவர். உன் தராசை முதலில் எறி என்றார் மற்றவர். இடையிடையே இருவரும் சிரித்தார்கள். கடைசியில் வழி சொன்னவர் பீபிதான். பார்ச்சில் முன்னோர் சாப்பிடும்வரை நாம் தொடுகிறோமா? இல்லை. அப்படியானால் இந்த டின் படத்துக் குழந்தையுடையது. அது அங்கேயே மூடி இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளை எழுந்து நடக்கும்வரை யாரும் தொடக்கூடாது. நடந்த அன்றைக்குத் திறந்து, தெருவுக்கே காப்பி போடுவோம்.

மிஸ்ஸி எழுந்து பீபியைக் கட்டிக்கொண்டார். "இதை நான் மூணு பாஷையில எழுதினாலும் வராது" என்று என்னிடம் சொன்னார். ஆனால் அதோடு விட்டுவிடவும் இல்லை. செட்டிகளுக்குப் பந்துன் என்றால் உயிர். கல்யாணமானாலும் கோயில் திருவிழாவானாலும் எதிரெதிராக நின்று நாலு வரிப் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். மிஸ்ஸி விஷயத்தைச் சொல்லச் சொல்லப் பீபி ஒரு பந்துன் கட்டினார். அதன் கடைசி இரண்டு வரி எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் புரண்டது: 'சூசு தின் பியார்லா டியாம், சூசு ஈபு தெராங் மாத்தா.' டின் பால் சும்மா இருக்கட்டும், தாய்ப்பாலே கண்ணுக்கு வெளிச்சம் என்று பொருள். துணி துவைக்கையில் பாடினார்கள், அம்மியில் அரைக்கையில் பாடினார்கள். பால் வற்றிய தாய்மார் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பாட்டு வந்தது. மீன் எண்ணெயைத் துப்புகிற பிள்ளைகளைக் கேலி செய்ய இன்னொன்று வந்தது.

நானா மட்டும் கோபமாக இருந்தார். ஒருநாள் மிஸ்ஸி கடைக்கு முன்னால் போகையில் தெருவிலேயே மடக்கினார்.

"என்னா மிஸ்ஸி, நான் என்ன விசமா விக்கிறேன்? சீமையிலேர்ந்து சீல் வச்சு வர்ற சாமான்!"

"விசம்னு நான் சொல்லலையே நானா. உங்க வீட்டுப் பேரனுக்கு என்ன பால்?"

"அவனுக்கென்ன, அவன் உம்மா பாலுதான் குடிக்கிறான்."

"ஏன், கடை நிறைய டின்னு அடுக்கி வச்சிருக்கீங்க, ஒண்ணு உடைச்சுக் குடுக்கறது?"

"அட, டின் பாலு காப்பிக்கில்ல!" என்று சொன்ன பிறகுதான் நானாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நானாவும் சிரித்துவிட்டார். "என் வாயாலேயே சொல்ல வச்சிட்டீங்களே" என்றார். மறுவாரம் அவர் கடைப் பலகையில், அவருடைய கோணல் எழுத்தில், 'டின் பால் காப்பிக்கு' என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது. சுகாதார இலாகா அச்சடித்த எந்த வாசகமும் அந்தத் தெருவில் அந்த மூன்று சொல்லுக்கு ஈடாகவில்லை.

எங்கள் வீட்டில் மீன் எண்ணெய் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மாலையானால் மகளைத் தூக்கிக்கொண்டு பீபியின் வீட்டுக்குப் போவேன், விளக்கேற்றும் நேரத்துக்கு. வேண்டுதல் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நான் போனது அவள் கண் அந்தச் சுடரில் நிற்கிறதா என்று பார்க்க. நிற்காமல் திரும்பிய மாலைகளில் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைவேன். ஒருநாள் பீபி திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தார். என் கையிலிருந்த பாரம் முன்னால் சாய்ந்தது. மகள் எட்டி, விளக்கைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் பின்னுக்கு இழுத்தேன். அவள் வீறிட்டு அழுதாள். அந்தக் கன்னத்தில் வழிந்ததைப் பீபி விரலால் தொட்டு எனக்குக் காட்டினார். ஈரம். நான் அந்த வீட்டு நடுக்கூடத்தில், அத்தனை பெண்கள் பார்க்க, ஓவென்று அழுதேன். பீபி என் முதுகில் ஓர் அடி வைத்து, "உன் மகள் அழுவது போதும், நீயும் எதற்கு?" என்றார்.

அவள் நடந்த அன்று எங்கள் டின் திறக்கப்பட்டது. நாங்களும் ஒரு டின்னை அந்தப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தோம், இன்று ஆணியில் தொங்குவது அதுதான். நானா காப்பித்தூள் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். தெருவில் ஓடி ஓடிக் காப்பி கொடுத்தோம். வர முடியாதவர்களுக்குக் காலி டின்களில் கயிறு கட்டி அனுப்பினோம். அதன் பிறகு வீடு வீடாக டின்கள் திறக்கப்பட்டன. அந்த ஆண்டில் காஜா பெராங் முழுக்கக் காப்பி வாசனை. உஜோங் பாசிரிலிருந்து மீன் விற்க வருகிற பெண்கள்கூட, இதென்ன புது வழக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். சில மாதத்தில் அங்கேயும் ஜன்னல் ஓரத்தில் மூடிய டின்களைப் பார்த்ததாக மிஸ்ஸி சொன்னார். கோயில் வளாகத்தில் மரக்கிளையில் தராசைக் கட்டி அவர் பிள்ளைகளை எடை போட்ட நாளில், படங்களைப் பிடுங்கச் சொன்ன பெரிய துரையே வந்தார். வரிசையாக நின்ற குழந்தைகளைப் பார்த்து, என்ன செய்தீர்கள் என்று மிஸ்ஸியைக் கேட்டார். மிஸ்ஸி பீபியைக் கைகாட்டினார். பீபி துரையின் விரலில் ஒரு பால் டின் காப்பியை மாட்டிவிட்டார். துரை அதைச் சிந்தாமல் பிடிக்கத் தெரியாமல், வெள்ளைக் கால்சட்டையில் கொட்டிக்கொண்டு, அப்படியும் குடித்து முடித்தார்.

அந்தக் கொண்டாட்டத்திலும் மிஸ்ஸி ஒரு வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். பின் தெருவில், எங்கள் மகள் வயதுப் பையன் ஒருவன். அவன் கண்ணில் வெள்ளை விழுந்த பிறகுதான் நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். உயிர் பிழைத்தான். இன்று நான் கோயிலுக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே என்னைத் தெரிந்துகொண்டு, "கிராணி மாமா" என்று கூப்பிடுகிறான். அவன் குரலைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் என் மகளைத் தேடி என் கண் ஓடுகிறது. மிஸ்ஸியை வேறு ஊருக்கு மாற்றியபோது, எல்லோரும் அவரைப் புகழ்ந்து பேசினோம். அவர் அந்தப் பையனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எல்லாப் புகழையும் கேட்டார்.

இன்று சாயங்காலம் பீபியின் வீட்டில் ஆரவாரம். அவருடைய மகளின் பிள்ளை எழுந்து நாலடி வைத்துவிட்டான். அலமாரியில் படம் வெளுத்துப்போய், எழுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டது. ஆனாலும் அதன் முன்னாலிருந்த டின்னைத் திறந்திருக்கிறார்கள். காப்பி வாங்கி வர என் மகள் ஓடினாள். கைக்கு எட்டிய பாத்திரம் எது என்று பார்த்தவள், ஆணியிலிருந்த பழைய டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெறும் ஆணியைப் பார்த்ததும் எழுந்தேன். வாசலுக்கு வந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. பீபியின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை, அதன்மேல் ஒற்றைப் பலகை. அந்த நேரத்தில் அவள் அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வாசலில் வந்து நிற்பேன். பள்ளிக்கூடத்தில் பின் வரிசையிலிருந்து கரும்பலகையைப் படிக்கிறாள், அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறாள். இருந்தாலும் நிற்பேன்.

வந்தாள். ஒரு விரலில் டின் ஆடிக்கொண்டிருந்தது. பலகையின் நடுவில் வந்து நின்று, என்னைப் பார்த்தாள். அந்த அரையிருட்டிலும் என் முகம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, உங்க சட்டையில மேல் பொத்தான் போடல" என்றாள்.

குனிந்து பார்த்தேன். போடவில்லைதான். அவள் பலகையைத் தாண்டி வந்து டின்னை என் விரலில் மாட்டினாள். சுட்டது. முதல் வாயைக் குடித்த பிறகுதான் என் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.